எலி பிடிக்கத் தெரியுமா?

மவுஸ் வாங்குவதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அவனும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தான், போன வருடம் நவம்பர் செமஸ்டர் வரைக்கும்.

அவன் என்றால், கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிப்பவன். பெயர் வேண்டாம், கோபித்துக்கொள்வான். ஹாஸ்டல் வாசி. பகலில் வகுப்பு, மாலையில் தூக்கம், இரவு மெஸ் முடிந்ததும் ரூமுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால் வேலரன்ட். நாலு நண்பர்களோடு சேர்ந்து ஐந்து பேர் டீம். கல்லூரி விழாவில் நடக்கும் போட்டியில் ஒரு தடவையாவது இரண்டாவது சுற்றைப் பார்த்துவிட வேண்டும் என்பது லட்சியம். அதற்காக ராத்திரி இரண்டு மணி வரைக்கும் பயிற்சி. இதே அக்கறையைப் படிப்பில் காட்டியிருந்தால் என்று ஆரம்பிக்க வேண்டாம், அதை அவன் அப்பா ஏற்கனவே சொல்லிவிட்டார்.

அவனுடைய முதல் கேமிங் மவுஸ் முதல் வருடத்தில் வாங்கியது. கம்பெனி பெயர் இங்கே அவசியமில்லை. கருப்பு நிறம், ஏழு கலரில் மாறி மாறி எரியும் விளக்கு, முதுகில் டிராகன் படம். பெட்டி மேல் கொட்டை எழுத்தில் ஒரு டிபிஐ எண், அதற்குக் கீழே 'எர்கோனாமிக்' என்று ஒரு வார்த்தை. எண் பெரியதாக இருந்தது, விளக்கு அழகாக இருந்தது, விலை குறைவாக இருந்தது. வேறென்ன பார்க்க வேண்டும்? எர்கோனாமிக் என்றால் என்ன என்று அவனுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் எந்தப் பெட்டி மேலும் அச்சடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இரண்டு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்றாம் வருடம் தீபாவளி லீவில் ஈரோட்டுக்கு வீட்டுக்குப் போனபோதுதான் முதல் அறிகுறி. காலையில் காபி டம்ளரைத் தூக்கினான், பாதியில் கை நடுங்கி, காபி பாதி லுங்கி மேல். அம்மா பதறிப்போய் ஓடி வந்தார்.

"ஏஞ்சாமி, கையில என்னாச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, தூக்கக் கலக்கம்."

தூக்கக் கலக்கம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஒரு மாதமாகவே வலது மணிக்கட்டின் மேல்பக்கம், முழங்கையை நோக்கி ஒரு இழுப்பு இருந்தது. பக்கெட் தூக்கினால் வலிக்கும். கதவுத் தாழ்ப்பாளைத் திருகினால் வலிக்கும். கேம் ஆடும்போது மட்டும் வலி தெரியாது, ஆடி முடித்துப் படுத்த பிறகுதான் தெரியும். அதனால் கேமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவனே ஒரு தீர்ப்பும் எழுதி வைத்திருந்தான்.

நவம்பர் கடைசியில் தெர்மல் பரீட்சை. மூன்று மணி நேரம். இரண்டு மணி நேரம் தாண்டியதும் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. கையை உதறினான், நீவினான், இடது கையால் கொஞ்சம் கிறுக்கிப் பார்த்தான். கடைசி பதிமூன்று மார்க் கேள்விக்கு விடை தெரிந்தும் படம் மட்டும் போட்டுவிட்டு வெளியே வந்தான். பாஸாகிவிட்டான், அது வேறு கதை. ஆனால் தெரிந்த பதிலை எழுத முடியாமல் வந்த அந்த அரை மணி நேரம் அவனை ரொம்பவே பயமுறுத்திவிட்டது. மெக்கானிக்கல் படிப்பவனுக்குக் கை போனால் என்ன மிச்சம்?

பயம் வந்தால் நம் ஆட்கள் முதலில் செய்வது என்ன? இணையத்தில் தேடுவது. தேடினான். அரை மணி நேரத்தில் தனக்கு கார்பல் டனல் சிண்ட்ரோம் என்று முடிவு செய்துவிட்டான்.

அது என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் மவுஸ் பிடிக்கும் எல்லோரும் அடிக்கடி கேட்கிற பெயர் இது. மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் சேர்ந்து ஒரு பள்ளம் மாதிரி இருக்கின்றன. அதற்கு மேலே கூரை போட்டது போல ஒரு கெட்டியான தசைநார்ப் பட்டை. நடுவில் உண்டாகும் குறுகிய சந்து வழியாக விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. காலை ஒன்பது மணி டவுன் பஸ் மாதிரி நெரிசல். கையை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடக்கி வைத்தால் அந்தச் சந்துக்குள் அழுத்தம் கூடுகிறது. நசுங்குவது நரம்பு. அந்த நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றுக்கு உணர்ச்சி கொடுப்பது. அதனால் கார்பல் டனல் என்றால் அந்த விரல்களில் மரமரப்பு வரும், குறிப்பாக ராத்திரியில். சுண்டுவிரல் மரத்துப் போனால் அது வேறு நரம்பு, வேறு கதை.

அவனுக்கு விரல் மரக்கவே இல்லை. இதை அவன் படிக்கவில்லையா என்றால், படித்தான். ஆனால் வலி வந்தவன் படிக்கும்போது தனக்கு வேண்டியதை மட்டும்தானே படிப்பான்.

சரி, வியாதி இது, காரணம் மவுஸ், மருந்து புது மவுஸ் என்று கணக்குப் போட்டான். அவன் மாமா பையன் ஒருவர் பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறார். அவர் வெர்ட்டிக்கல் மவுஸ் வைத்திருந்தார், அதாவது செங்குத்தாக நிற்கும் மவுஸ். கை குலுக்குவது போலப் பிடிக்க வேண்டும். லாஜிடெக் 2018ல் கொண்டுவந்த எம்எக்ஸ் வெர்ட்டிக்கல் 57 டிகிரி சாய்வு. சாதாரண மவுஸைப் பிடிக்கும்போது உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி முன்கையைத் திருப்பி வைக்கிறோம் அல்லவா, அந்த முறுக்கு இதில் குறைகிறது. நாள் முழுக்க எக்ஸெல் பார்ப்பவர்களுக்கு நல்ல பொருள்தான்.

அவர் ஊருக்கு வந்தபோது வாங்கி ஆடிப் பார்த்தான். கைக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் குறி வைத்துச் சுட்டால் ஒவ்வொரு தடவையும் தோட்டா கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் போகிறது! இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. சாதாரண மவுஸில் பட்டனை மேலிருந்து கீழே அழுத்துகிறோம். அந்த விசை மேசைக்குள் போகிறது, மவுஸ் நகராது. செங்குத்து மவுஸில் பட்டன் பக்கவாட்டில் இருக்கிறது. அழுத்தும் விசை மவுஸையே பக்கவாட்டில் தள்ளுகிறது. கட்டைவிரலால் எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும். மெயில் அனுப்புகிறவருக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் ஒன்றுமில்லை. இவனுக்கு அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் எதிராளியின் தலை இருக்கிறது. ஆக, கைக்கு நல்லது என்று ஒரு மவுஸ் பெயர் வாங்கினால் மட்டும் போதாது, அது யார் கைக்கு, எந்த வேலைக்கு என்று கேட்க வேண்டியிருக்கிறது. (ஆற அமர யோசித்து ஆடும் ஆட்டங்களுக்கு அது தாராளமாகப் போதும்.)

அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனான். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். நடுத்தர வயதுப் பெண்மணி. கையை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். "கார்பல் டனல்ங்களா மேடம்?" என்று இவனே கேட்டான். அவர் சிரித்துவிட்டார்.

"இல்லைங்க தம்பி. மணிக்கட்டை மேல தூக்கிப் பிடிக்கிற தசை இருக்குதுல்ல, அதுக்கு ஓய்வே குடுக்காம வேலை வாங்கி இருக்கீங்க. எப்படி உக்காந்து வெளையாடறீங்க? ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க."

ரூம்மேட்டை விட்டு போட்டோ எடுத்தான். அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகுதான் அவனுக்கே விஷயம் உறைத்தது. ஹாஸ்டல் அறைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் துவைக்காத துணி மலையாகக் குவிந்திருப்பதால் அவன் கட்டிலில் உட்கார்ந்து ஆடுவான். கட்டில் தாழ்வு, மேசை உயரம். தோள்பட்டை காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கிறது. முழங்கை மேசைக்குக் கீழே தொங்குகிறது. மேசை விளிம்பு மணிக்கட்டுக்குக் கீழே கத்தி மாதிரி வெட்டுகிறது, கை அதிலிருந்து மேல்நோக்கி ஒடிந்த கொடி போல வளைந்து மவுஸைப் பிடித்திருக்கிறது. இப்படித் தினமும் ஐந்து மணி நேரம்! இந்த நிலையில் தங்கத்தில் மவுஸ் செய்து கொடுத்தாலும் வலிக்கத்தான் செய்யும்.

அவர் சொன்னது சுருக்கமானது. இரண்டு வாரம் விளையாட்டே வேண்டாம். பிறகு, முழங்கை மேசை மட்டத்துக்கு வரும் அளவுக்கு உட்காரும் இடத்தை உயர்த்து. முன்கை மேசை மேல் படுத்திருக்க வேண்டும், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்திரு. தசைக்கு வலுவேற்ற ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துச் செய்யும் பயிற்சி ஒன்று. மவுஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவனாகக் கேட்டதற்கு, "கைக்குள்ள அடங்கற மாதிரி ஒண்ணு வாங்கிக்குங்க" என்றார். அவ்வளவுதான்.

நாற்காலியில் இருந்த துணி மலை அன்றைக்கே அகற்றப்பட்டது. மேலே இரண்டு போர்வை மடித்துப் போட்டான், உயரம் சரியாகிவிட்டது. செலவு பூஜ்யம். வலியில் பாதிக்கு மேல் போனது இதனால்தான், எந்த மவுஸாலும் இல்லை.

இது ஏதோ இவனுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. உலகத் தரத்தில் ஆடுபவர்களுக்கும் வந்திருக்கிறது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் க்ளவுட் 9 அணித் தலைவராக இருந்த ஹாய் 2015ல் மணிக்கட்டுக் காயத்தைக் காரணம் சொல்லி ஒதுங்கினார். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவரான ஸ்வீடனின் ஒலோஃப்மெய்ஸ்டர் 2016ல் கை வலியால் அணியிலிருந்து தற்காலிகமாக விலகி இருக்க நேர்ந்தது. அவர்களுக்கெல்லாம் நல்ல நாற்காலி, நல்ல மேசை, கேட்ட மவுஸ் எல்லாம் கிடைத்திருக்கும். அப்படியும் வந்தது. ஆட்ட நேரம் என்று ஒன்று இருக்கிறதே, அதை எந்தக் கடையிலும் மாற்றித் தர மாட்டார்கள்.

ஓய்வெடுத்த அந்த இரண்டு வாரத்தில் ஆட முடியாத கோபத்தில் அவன் மவுஸ் பற்றிப் படிக்க ஆரம்பித்தான். முதலில் உடைந்தது டிபிஐ மயக்கம்.

டிபிஐ என்பது மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் கம்ப்யூட்டருக்கு எத்தனை எண்ணிக்கை அனுப்புகிறது என்பது, அவ்வளவே. 1600 என்றால் ஒரு அங்குலத்துக்கு 1600. எண் கூடக் கூட அம்புக்குறி வேகமாக ஓடும். வேகம் வேறு, துல்லியம் வேறு. தொழில்முறை கவுன்ட்டர் ஸ்ட்ரைக் வீரர்களில் மிகப் பலர் ஆடுவது 400 அல்லது 800 டிபிஐயில். பெட்டி மேல் இருபதாயிரம், முப்பதாயிரம் என்று போட்டிருப்பது எல்லாம் காரின் ஸ்பீடாமீட்டரில் 240 என்று எழுதியிருப்பது மாதிரிதான், அவிநாசி ரோட்டில் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிறகு தன் செட்டிங்கைக் கணக்குப் போட்டுப் பார்த்தான். அவன் வைத்திருந்தது 1600 டிபிஐ, ஆட்டத்துக்குள் சென்சிட்டிவிட்டி 1. வேலரன்ட்டில் இதை வைத்து ஆள் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸ் நகர வேண்டிய தூரம் வெறும் 8 சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம்! அந்த 8 சென்டிமீட்டருக்குள் 360 டிகிரியும் அடக்கம் என்றால், ஒரு டிகிரி திரும்ப மவுஸ் கால் மில்லிமீட்டர்கூட நகரக் கூடாது. கை நகர்கிறதோ இல்லையோ, நகராமல் இருக்கவே அவன் மணிக்கட்டு ராத்திரி முழுக்க இறுகிப்போய் இருந்தது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன ஓய்வில்லாத தசை இதுதான்.

800 டிபிஐ, சென்சிட்டிவிட்டி 0.5 என்று மாற்றினால் அதே சுற்றுக்கு சுமார் 33 சென்டிமீட்டர். இப்போது மணிக்கட்டால் மட்டும் ஆட முடியாது, முழங்கையிலிருந்து முழுக் கையும் நகர வேண்டும். பெரிய தசைகள் பெரிய வேலையைப் பார்க்கும், மணிக்கட்டு கடைசியில் நுணுக்கமான திருத்தம் மட்டும் செய்யும். ஒரே கஷ்டம், இதற்கு மேசையில் இடம் வேண்டும். பழைய கையகல மவுஸ்பேடு போதாது. 45 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துணிப் பேடு வாங்கினான். மேசையிலிருந்த புத்தகங்கள் கட்டிலுக்கு அடியில் போயின. (அப்பாவுக்கு இது தெரியாது :-) )

சென்சிட்டிவிட்டி குறைந்ததும் எடை பெரிய விஷயமாகிவிட்டது. பேடின் ஓரத்துக்கு வந்ததும் மவுஸைத் தூக்கி மறுபடி நடுவில் வைக்க வேண்டும். ஒரு ராத்திரியில் இது எத்தனை நூறு தடவை! ஒரு காலத்தில் கனமான மவுஸ்தான் உசத்தி என்று நினைத்தார்கள். 2005ல் வந்த லாஜிடெக் ஜி5 மவுஸில் எடைக்கட்டிகள் போட்டுக்கொள்ளத் தனித் தட்டே இருந்தது. பிறகு வந்த ஜி502 ஹீரோ தானாகவே 121 கிராம், போதாததற்கு 18 கிராம் எடை கூடச் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் காற்று அப்படியே திசை மாறியது. 2019ல் உடம்பு முழுக்கத் தேன்கூடு மாதிரி ஓட்டை போட்டு, குளோரியஸ் மாடல் ஓ 67 கிராமில் வந்தது. 2020ல் லாஜிடெக்கின் ஜி ப்ரோ எக்ஸ் சூப்பர்லைட் ஓட்டையே இல்லாமல், வயரும் இல்லாமல், 63 கிராமுக்குக் கீழே இறங்கியது. பதினைந்து வருடத்தில் எடை பாதியாகிவிட்டது. விலைதான் அப்படி இறங்கவில்லை, மாணவன் பர்ஸுக்கு அது எட்டாக் கனி.

அதனால் அவன் எடையை ஓரமாக வைத்துவிட்டு வடிவத்துக்கு வந்தான். இங்கேதான் ஸ்கேல் வருகிறது.

கையை நீட்டி, மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனி வரை நீளம். கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு விரல்களும் சேரும் இடத்தில் அகலம். அவனுக்கு நீளம் 19.6, அகலம் 9.4 சென்டிமீட்டர். பழைய டிராகன் மவுஸை அளந்தான். நீளம் 10.3, இடுப்பு 5.4, உயரம் 3.3. மவுஸ் நீளம் கை நீளத்தில் அறுபது சதவீதமாவது இருக்க வேண்டும் என்று கேம் ஆடுபவர்களிடையே ஒரு வாய்மொழிக் கணக்கு உண்டு. விஞ்ஞானம் எல்லாம் இல்லை, சும்மா ஒரு தொடக்கப் புள்ளி. அந்தக் கணக்குப்படி பார்த்தாலே அவனுக்கு 11.8 வேண்டும்.

ஆனால் அளவு மட்டும் போதாது, பிடி எது என்று தெரிய வேண்டும். உள்ளங்கை முழுவதும் மவுஸ் மேல் படுத்திருப்பது ஒரு வகை. உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் தொட, விரல்கள் நண்டு மாதிரி வளைந்து நிற்பது இன்னொரு வகை. உள்ளங்கையே படாமல் விரல் நுனிகளால் மட்டும் பிடிப்பது மூன்றாவது. முதல் வகைக்குப் பெரிய, முதுகு உயர்ந்த மவுஸ் வேண்டும். மூன்றாவது வகைக்குச் சின்னதாக, லேசாக இருந்தால் போதும். இதில் எது சரி என்று சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை, நடக்கிற நடை மாதிரி ஆளுக்கு ஆள் வேறு. அவன் தன்னை நண்டு கோஷ்டி என்றுதான் நினைத்திருந்தான். இரண்டு வருடமாக அப்படித்தானே பிடித்திருந்தான்?

சந்தேகம் வந்தது மெஸ்ஸில். சப்பாத்தி போடும் நாள். மெஸ் அண்ணாவிடம் கெஞ்சி ஒரு பெரிய உருண்டை மாவு வாங்கிக்கொண்டு ரூமுக்கு வந்தான். மேசை மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கை தானாக எப்படிப் படுக்க நினைக்கிறதோ அப்படிப் படுக்கவிட்டு மெதுவாக அழுத்தினான். ரூம்மேட் இவனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று பக்கத்து ரூமுக்கே தகவல் சொல்லிவிட்டு வந்தான். கையை எடுத்துப் பார்த்தால், மாவில் உள்ளங்கை முழுதும் பதிந்திருக்கிறது! நண்டும் இல்லை ஒன்றும் இல்லை. சின்ன மவுஸுக்குள் கை அடங்காததால் விரல்கள் வேறு வழியின்றி மடங்கிக் கிடந்திருக்கின்றன. மாவின் முதுகு நடுவில் உயர்ந்து, சுண்டுவிரல் பக்கம் சரிந்து இறங்கியது. கட்டைவிரல் பக்கம் ஒரு பள்ளம். உயரம் 4.3 சென்டிமீட்டர். பழைய மவுஸைவிட ஒரு சென்டிமீட்டர் அதிகம்.

மவுஸ் செய்கிறவர்களே இந்த விஷயத்தில் சறுக்கியதுண்டு. 1998ல் வந்த முதல் ஐமேக் கம்ப்யூட்டரோடு ஆப்பிள் கொடுத்த மவுஸ் வட்டமாக, ஹாக்கி பக் மாதிரி இருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. கையில் எடுத்தால் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாது. 2000லேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஜனவரியில் ஒரு வாரம் இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்காக அம்பத்தூர் போக வேண்டி வந்தது. சென்னை வரை போய் ரிச்சி தெருவுக்குப் போகாமல் வருவதா? ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டான். பையில் ஸ்கேலும் அளவுகள் எழுதிய துண்டுச் சீட்டும். (மாவைக் கொண்டு போகவில்லை, அதற்குள் புளித்திருக்கும்.)

முதல் நாலு கடையில் ஒரே பதில்தான். "பாக்ஸ் பிரிக்கக் கூடாது தம்பி. என்ன பட்ஜெட், அதைச் சொல்லு." ஐந்தாவது கடை ஒரு சந்துக்குள். வயதானவர் ஒருவர், பழைய பொருளும் விற்பவர். கண்ணாடிப் பெட்டிக்குள் உபயோகித்த மவுஸ்கள் வயரைச் சுற்றிக்கொண்டு குவிந்து கிடந்தன.

"அண்ணே, இதுல ஒவ்வொண்ணா கையில வெச்சுப் பாத்துக்கலாமா?"

"வாங்குவியா, பாத்துட்டு மட்டும் போவியா?"

"வாங்குவேன்ணே."

"அப்ப பாரு."

அரை மணி நேரம் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். எந்த மாடல், என்ன விலை என்று பார்க்காமல் கையை மட்டும் கேட்டான். லாஜிடெக் ஜி102 நல்ல பெயர் வாங்கிய மவுஸ், விலையும் குறைவு, ஆனால் 11.66 சென்டிமீட்டர் நீளம், 3.8 உயரம். கை மறுபடி நண்டாக மடங்கியது. ஜி502 அகலம் பிடித்திருந்தது, தூக்கிப் பார்த்தால் அம்மிக்கல். கடைசியில் ஒன்று மாவு மாதிரியே உட்கார்ந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல். 12.7 நீளம், 4.3 உயரம், 96 கிராம். 2006லிருந்து வெவ்வேறு பதிப்புகளாக வந்துகொண்டிருக்கும் குடும்பத்தில் அடிமட்டத்து ஆள். அதன் டிபிஐ உச்சம் வெறும் 6400. பழைய டிராகன் பெட்டி மேல் போட்டிருந்த எண் இதைவிடப் பெரியது!

அதே மாடல் புதுசு ஆயிரத்துச் சொச்சத்துக்கு அவரே வரவழைத்துக் கொடுத்தார். வயர்லெஸ் இல்லை, 63 கிராம் இல்லை. அதனால் என்ன, கை படுத்துக்கொண்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அது வலது கைக்காரர்களுக்கான வடிவம். அவன் டீமில் ஒருத்தன் இடக்கைக்காரன். அவனுக்கு இந்த மாதிரி கைக்கேற்ற வளைவோடு ஒன்றைத் தேடினால் ரிச்சி தெரு முழுக்க அலைந்தாலும் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் சமச்சீர் மவுஸ்தான் கதி, அதிலும் பக்கவாட்டுப் பட்டன்கள் பெரும்பாலும் வலக்கைக்காரனின் கட்டைவிரலுக்கு வைத்ததுதான். அவன் சின்ன வயதிலேயே வலது கைக்கு மாறிவிட்டான், எழுதுவது மட்டும் இடது.

புது மவுஸ், புது சென்சிட்டிவிட்டி, போர்வை போட்ட நாற்காலி. ஆட்டம் எப்படி இருந்தது? கேவலமாக இருந்தது. 33 சென்டிமீட்டருக்குக் கை பழகவே மூன்று வாரம் ஆனது. பின்னால் வருபவனைத் திரும்பிப் பார்ப்பதற்குள் செத்துப்போனான். கோல்டில் இருந்தவன் சில்வருக்கு இறங்கினான். "எலிக்கு வைத்தியம் பாக்கப் போயி புலியைக் கோட்டை விட்டுட்டான்" என்று டீமே சிரித்தது. மார்ச் மாதக் கல்லூரி விழாவில் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். இரண்டாவது சுற்று எப்படி இருக்கும் என்று இன்னும் அவர்களுக்குத் தெரியாது.

ஏப்ரலில் செமஸ்டர். முதல் பேப்பருக்குப் போகும்போது பயம் இருந்தது. ராத்திரி பத்தரைக்கே லேப்டாப்பை மூடிவிடும் பழக்கம் அப்போது வந்திருந்தது, தண்ணீர் பாட்டில் பயிற்சியும் விடவில்லை. இரண்டு மணி நேரம் தாண்டியது. கையை ஒரு தடவை உதறினான், வலிக்கிறதா என்று பார்க்கத்தான். கடைசிக் கேள்விக்குப் படமும் போட்டான், அதற்குக் கீழே நாலு பக்கம் விளக்கமும் எழுதினான். அடிஷனல் ஷீட் வாங்கியது அவன் வாழ்க்கையிலேயே அது இரண்டாவது தடவை.

ரூமைக் காலி செய்யும்போது டிராகன் மவுஸ் கட்டிலுக்கு அடியில் புத்தகங்களோடு கிடைத்தது. குப்பைக் கூடையை நோக்கிப் போனவனை ரூம்மேட் மறித்தான். வாங்கித் தன் லேப்டாப்பில் செருகி, இரண்டு நிமிடம் ஆட்டிப் பார்த்தான்.

"டேய், கைக்கு சூப்பரா இருக்குடா. இதைப் போயி தூக்கிப் போடறே?"

அவன் பதில் சொல்லவில்லை. மேசை டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்தான். ரூம்மேட்டின் கையை நீட்டச் சொல்லி, மணிக்கட்டு ரேகையில் பூஜ்யத்தை வைத்தான்.

16.8.